பாறை காப்பாற்றும், சோறு போடாது

கேள்வி இது: ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு மலைகளில் பாறை வாலபிகள் என்ற சிறிய கங்காரு வகை விலங்குகள் அந்த வெயிலையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் எப்படித் தாங்குகின்றன? அவை பல இடங்களில் அழிந்துபோனதற்கு வறட்சிதான் காரணமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயிலையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் சமாளிக்கும் வேலையில் பெரும்பகுதியைப் பாறையே செய்து கொடுத்துவிடுகிறது. சிக்கல் தொடங்குவது பசி எடுக்கும்போதுதான். வீடு மேலே பாறை இடுக்கில் இருக்கிறது, புல்லும் செடியும் கீழே மலையடிவாரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள சில நூறு மீட்டரில்தான் இந்த விலங்கின் தலையெழுத்தே இருக்கிறது. வறட்சி அதை எப்போதும் வாட்டித்தான் வந்திருக்கிறது. ஆனால் மலை மலையாக அதைத் துடைத்து எடுத்தவை ஐரோப்பியர் கொண்டுவந்த விலங்குகள், அதிலும் முக்கியமாகச் செந்நரி. இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பாறை வாலபி கங்காருக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் உருவத்தில் சிறியது. பதினாறு, பதினேழு இனங்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வகைப்படுத்துபவரைப் பொறுத்து எண்ணிக்கை கொஞ்சம் மாறும். வடக்கே கிம்பர்லியில் இருக்கும் மிகச் சிறிய இனம் ஒன்றரைக் கிலோகூடத் தேறாது. வறண்ட பகுதியில் நாம் முக்கியமாகப் பேச வேண்டியவை இரண்டு. ஒன்று மஞ்சள்கால் பாறை வாலபி. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர்தான் அதன் கோட்டை. நியூ சவுத் வேல்ஸின் மேற்கு ஓரத்திலும் குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கிலும் சில கூட்டங்கள் உண்டு. இன்னொன்று கருங்கால் பாறை வாலபி. ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சுற்றியுள்ள மெக்டொனல் மலைகள் முதல் மேற்கு ஆஸ்திரேலியா வரை சிதறிக் கிடக்கிறது.

மஞ்சள்கால் இனத்தை ஒருமுறை நேரில் பார்த்தால் மறக்க முடியாது. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கன்னத்தில் ஒரு வெள்ளைக் கோடு, ஆரஞ்சு கலந்த மஞ்சள் கால்கள், நீண்ட வாலில் வளையம் வளையமாகப் பட்டை. படத்தில் பார்க்கும்போது இவ்வளவு பகட்டான விலங்கு எப்படி ஒளிந்துகொள்ளும் என்று தோன்றும். துருநிறப் பாறையும் நிழலும் கலந்து கிடக்கும் சரிவில் அது அசையாமல் உட்கார்ந்துவிட்டால், பத்து அடி தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. எடை ஆறிலிருந்து பன்னிரண்டு கிலோ வரை.

பாறையில் ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு இது. சமவெளிக் கங்காருவின் பின்னங்காலில் நடு நகம் நீண்டு தரையைக் குத்திப் பிடிக்கும். பாறை வாலபிக்கு அந்த நகம் குட்டை, பாதத்தின் சதையைத் தாண்டி அதிகம் நீளாது. பாதம் தடித்த சதையாக, சொரசொரப்பாக இருக்கும், ஓரத்தில் விறைப்பான முடி வரிசை. டயரின் பள்ளங்கள் சாலையைப் பிடிப்பதுபோல அந்தச் சொரசொரப்பு பாறையைப் பிடிக்கிறது. வாலும் வேறு மாதிரி. கங்காருக்களின் வால் அடியில் பருத்து, உட்காரும்போது முட்டுக் கொடுக்க உதவும். பாறை வாலபியின் வால் அடியிலிருந்து நுனி வரை ஏறக்குறைய ஒரே பருமன், நுனியில் முடிக் குஞ்சம். தாவும்போது உடம்பை நிலைநிறுத்தவே அது பயன்படுகிறது. நான்கு மீட்டர் இடைவெளியை ஒரே தாவலில் கடந்து, கையகலத் திட்டில் இறங்கி, அங்கே நிற்காமல் அடுத்த திட்டுக்குப் போய்விடும். சாய்ந்து நிற்கும் மரத்தில்கூட ஏறும். மரபணு ஆய்வுகளின்படி இவற்றின் நெருங்கிய உறவு நியூ கினியிலும் வட குவீன்ஸ்லாந்திலும் உள்ள மரக் கங்காருக்கள் என்பதால் அதில் பெரிய வியப்பில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் போய்வந்து சில இடங்களில் பாறையே வழவழப்பாகியிருக்கும். ஒரு மலையில் கூட்டம் அழிந்து பல காலம் ஆன பிறகும் அந்தப் பளபளப்பும் குகைக்குள் பழைய புழுக்கைகளும் மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்க்கலாம்.

சரி, வெயிலுக்கு வருவோம். ஃப்ளிண்டர்ஸ் மலைகளில் கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். வெளிப் பாறையில் கை வைக்க முடியாது. ஆனால் ஆழமான இடுக்குக்குள் அந்தச் சூடு மெதுவாகத்தான் இறங்கும். பகலின் உச்சத்திலும் உள்ளே வெளியைவிடப் பல டிகிரி குறைவு, காற்றில் ஈரமும் கூடுதல். வாலபி பகல் முழுவதும் அங்கேயே படுத்துக் கிடக்கும். மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கவோ முன்கைகளை எச்சிலால் நக்கி நனைத்துக் குளிரவைக்கவோ அதற்குத் தெரியும், ஆனால் இரண்டுக்கும் உடம்பிலிருந்து தண்ணீர் செலவாகும். குகை இருந்தால் அந்தச் செலவு தேவைப்படுவதில்லை. பாறை நாட்டில் பிழைப்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது: தண்ணீரைத் தேடுவதைவிட இருக்கும் தண்ணீரை இழக்காமல் இருப்பது. இலை தழையில் உள்ள ஈரத்தை வைத்தே நீண்ட நாள் ஓட்டிவிடும். சுனையோ பாறைக்குழியில் தேங்கிய மழைநீரோ கிடைத்தால் குடிக்கும். கடும் வறட்சியில் மட்டும் சுனைக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டத்துக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் தெரியும்.

குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். வறண்ட நாட்டில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால், காலையில் வெயில் படும் திட்டுகளில் வந்து உட்கார்ந்து குளிர்காயும். கூட்டமாக வாழ்ந்தாலும் நல்ல திட்டுக்கும் நல்ல குகைக்கும் அடிதடி உண்டு.

பொழுது சாய்ந்ததும் மேய்ச்சலுக்கு இறங்கும். மழை பெய்த பிறகு முளைக்கும் மென்மையான சிறு செடிகளும் புல்லும்தான் முதல் விருப்பம். அவை காய்ந்துபோனால் புதர்களின் இலை, அப்புறம் மரங்களின் உதிர்ந்த இலை என்று கிடைப்பதைத் தின்னும். மத்திய ஆஸ்திரேலியாவில் பாறை வெடிப்புகளில் வேர்விட்டு வளரும் அத்தி மரங்கள் நிழலும் பழமும் தருகின்றன. ஆனால் பாறைச் சரிவில் மண்ணே குறைவு. அங்கே வளர்வதை மட்டும் நம்பி ஒரு கூட்டம் பெருக முடியாது. நல்ல தீனி மலை அடிவாரத்திலும் ஓடைக் கரையிலும்தான் இருக்கிறது, வாலபிக்கோ பாறையை விட்டு ஒவ்வோர் அடி தள்ளிப் போகும்போதும் ஆபத்து கூடுகிறது.

குட்டி வளர்ப்பிலும் பாறைக்குப் பங்குண்டு. கர்ப்பகாலம் ஏறக்குறைய ஒரு மாதம். பிறக்கும் குட்டி ஒரு கிராம்கூட இருக்காது. அது தானாகவே ஊர்ந்து தாயின் பைக்குள் போய் முலைக்காம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஆறேழு மாதம் பைக்குள் வாழ்க்கை. பையை விட்டு வெளியே வந்த பிறகு, சமவெளிக் கங்காருக் குட்டி தாயோடு கூடவே ஓடும். பாறை வாலபி குட்டியைக் கூட்டிக்கொண்டு அலைவதில்லை. இன்னும் சரியாகத் தாவத் தெரியாத குட்டி செங்குத்துப் பாறையில் தவறி விழலாம், கழுகு தூக்கிக்கொண்டு போகலாம். அதனால் தாய் அதைப் பத்திரமான பொந்தில் விட்டுவிட்டு மேயப் போய், திரும்பி வந்து பால் கொடுக்கும்.

குட்டி ஈன்ற சில நாட்களுக்குள் தாய் மறுபடி இணைந்து கருத்தரிக்கும். அந்தக் கரு சில பத்து செல்கள் அளவில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். பைக்குள் இருக்கும் குட்டி வெளியேறும் காலம் வந்தாலோ இறந்துபோனாலோ அந்தக் கரு மீண்டும் வளரத் தொடங்கி, ஒரு மாதத்தில் அடுத்த குட்டி பிறந்துவிடும். மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாத நாட்டுக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. வறட்சியில் முதலில் சாவது பையைவிட்டு வந்த குட்டிகள். வளர்ந்த பெண் வாலபிகள் தாக்குப்பிடித்துவிட்டால், நல்ல மழை கண்டதும் கூட்டம் மறுபடி பெருகும். இப்படித்தான் பல்லாயிரம் ஆண்டு வறட்சிகளை இவை கடந்து வந்திருக்கின்றன. ஆகவே வறட்சி மட்டுமே இவற்றை அழித்தது என்று யாராவது சொன்னால், அது இந்த விலங்கின் உடம்புக்கே பொருந்தாத விளக்கம் என்பேன்.

நரிக் கதையை இப்போது சொல்கிறேன், எனக்கு இதில் மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி இதுதான். 19-ஆம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காக விக்டோரியாவில் கொண்டுவந்து விட்ட ஐரோப்பியச் செந்நரி, சில பத்தாண்டுகளில் கண்டத்தின் தெற்குப் பாதி முழுவதும் பரவியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில் வயல்களுக்கு நடுவே கருங்கல் குன்றுகள் துருத்திக்கொண்டு நிற்கும். 1970-களின் முடிவில் அங்கே கருங்கால் பாறை வாலபி மிஞ்சியிருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில குன்றுகளில் மட்டும்தான். காடழிப்பு, ஆடு மேய்ச்சல், வறட்சி, தீ என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நரியைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டதே, இத்தனை நாள் கூடவே வாழ்ந்த வாலபி இப்போது ஏன் சாக வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

ஜாக் கின்னியர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்கள். ஐந்து குன்றுகளில் வாலபிகளை எண்ணினார்கள். 1982-இலிருந்து மவுண்ட் கேரலைன், நங்கீன் ஹில் என்ற இரண்டு குன்றுகளில் மட்டும் 1080 என்ற விஷம் கலந்த இறைச்சியை வைத்து நரிகளைக் குறைத்தார்கள். மற்ற மூன்றையும் அப்படியே விட்டார்கள். நான்கு ஆண்டுகளில் விஷம் வைத்த ஒரு குன்றில் வாலபி எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியது, மற்றதில் மூன்று மடங்கைத் தாண்டியது. விஷம் வைக்காத மூன்றில் ஒன்றில் கொஞ்சம் கூடியது, ஒன்றில் குறைந்தது, ஒன்றில் ஏறக்குறைய காலியே ஆகிவிட்டது. எல்லாக் குன்றிலும் பெய்தது ஒரே மழைதான், சுற்றிலும் இருந்தது ஒரே கோதுமை வயல்தான். 1988-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. பிறகு மற்றக் குன்றுகளிலும் நரியைக் குறைத்தபோது அங்கும் எண்ணிக்கை ஏறியது.

எண்ணிக்கையைவிட வாலபிகளின் நடத்தையில் தெரிந்த மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நரி இருந்த காலத்தில் அவை பாறையை ஒட்டியே மேய்ந்துகொண்டிருந்தன. நரி குறைந்ததும் திறந்த வெளியில் தொலைவு வரை போய் மேயத் தொடங்கின. அப்படியென்றால் நரி பிடித்துத் தின்றதோடு கதை முடியவில்லை. பிடிபடாத வாலபிகளையும் அது பாறையோடு கட்டிப்போட்டுப் பட்டினி போட்டிருக்கிறது. பட்டினி தாங்காமல் தள்ளிப் போனது நரி வாயில் விழுந்தது. இப்படிப் பார்த்தால் பசியும் நரியும் தனித்தனிக் காரணங்களே இல்லை. வறட்சி வந்தால் மேய்ச்சல் தூரம் கூடும், தூரம் கூடினால் நரிக்கு வேட்டை கூடும். அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்த கூட்டம் ஒரு மோசமான வறட்சியில் சட்டென்று காணாமல் போவது இதனால்தான்.

விஷம் வைத்தால் மற்ற விலங்குகள் சாகாதா என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. 1080-இன் வேதிப்பொருள் சோடியம் ஃப்ளோரோஅசிடேட். மேற்கு ஆஸ்திரேலியாவின் சில காட்டுச் செடிகளில் இதே நச்சு இயற்கையாகவே இருக்கிறது. அந்தச் செடிகளோடு காலங்காலமாக வாழ்ந்த உள்ளூர் விலங்குகள் பலவற்றுக்கு அதைத் தாங்கும் சக்தி உண்டு, வெளியிலிருந்து வந்த நரிக்கும் நாய்க்கும் கிடையாது. இந்த அனுபவத்தை வைத்துத்தான் 1996-இல் அந்த மாநிலம் பெரிய நிலப்பரப்பில் நரிக் கட்டுப்பாட்டைத் தொடங்கியது. ஆனால் நரியைக் குறைத்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பிற்காலத்தில் நங்கீன் ஹில்லில் வாலபிகள் மறுபடி சரிந்து ஒருசில மட்டுமே மிஞ்சிய நிலையில், குன்றைச் சுற்றி நரியும் பூனையும் நுழைய முடியாத வேலி போட வேண்டியதாயிற்று. காட்டில் திரியும் பூனை விஷ இறைச்சியைச் சுலபத்தில் தொடாது, அதற்கு உயிருள்ள இரைதான் பிடிக்கும்.

ஃப்ளிண்டர்ஸ் மலைகளில் இன்னொரு எதிரியும் சேர்ந்துகொண்டது: தப்பித்துக் காட்டு விலங்காகிவிட்ட ஆடு. அது வாலபி ஏறும் இடத்திலெல்லாம் ஏறும், அதே செடிகளைத் தின்னும், வெயிலில் அதே நிழல் திட்டில் போய்ப் படுக்கும். நரி கீழே வழிமறித்தால் ஆடு மேலே வீட்டையும் சோற்றையும் பங்கு கேட்கிறது. அதற்கும் முன்னால் தோலுக்காக மனிதர்கள் சுட்டுக் குவித்த காலம் ஒன்று இருந்தது. 1992-இல் தெற்கு ஆஸ்திரேலிய அரசு அங்கே ‘பவுன்ஸ்பேக்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, நரிக்கு விஷமும் ஆட்டுக்குத் துப்பாக்கியுமாக ஒரே சமயத்தில் வேலை செய்தது. 1995-இல் முயல்களைக் கொல்லும் வைரஸ் ஒன்று, ஆய்வு நடந்த வார்டங் தீவிலிருந்து தப்பிப் பரவி முயல்களைப் பெருமளவு குறைத்ததும் செடிகள் தழைக்க உதவியது. மஞ்சள்கால் வாலபி அங்கே மீண்டு வந்திருக்கிறது. இன்று ஒரு சுற்றுலாப் பயணி அதைச் சுலபமாகப் பார்க்க முடிகிறது என்றால், முப்பது ஆண்டுகளாக விடாமல் நடக்கும் அந்த வேலைதான் காரணம். நிறுத்தினால் நரி திரும்ப வந்துவிடும்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், பிட்ஜன்ஜஜாரா, யன்குனிஜஜாரா மக்களின் நிலத்தில், கருங்கால் பாறை வாலபிக்கு ‘வாரு’ என்று பெயர். ஒரு காலத்தில் அந்த மலைகளெங்கும் இருந்த விலங்கு, அம்மக்களுக்கு உணவாகவும் மரபுக் கதையாகவும் இருந்தது. 2007-இல் மாநிலத்தில் எஞ்சியவை இருநூறுக்கும் குறைவு என்ற நிலையில் அதை மீட்க ஒரு குழு அமைந்தது. அடிலெய்ட் மிருகக்காட்சிசாலை ஆட்கள் காட்டில் உள்ள தாய் வாருக்களின் பையிலிருந்து சின்னஞ்சிறு குட்டிகளை எடுத்து, வளர்ப்பில் இருந்த மஞ்சள்கால் வாலபிகளின் பைக்குள் வைத்து வளர்த்தார்கள். குட்டியை இழந்த காட்டுத் தாயின் வயிற்றில்தான் அடுத்த கரு தயாராகக் காத்திருக்கிறதே, அது ஒரு மாதத்தில் இன்னொரு குட்டியை ஈன்றுவிடும். இதனால் காட்டுக் கூட்டத்திலிருந்து வளர்ந்த விலங்கு ஒன்றைக்கூடக் கொண்டுபோகாமல் ஒரு புதிய கூட்டத்தை உருவாக்க முடிந்தது.

அப்படி வளர்ந்தவற்றில் சில 2011-இல் சொந்த நாட்டுக்குத் திரும்பின. சுமார் நூறு ஹெக்டேர் மலையைச் சுற்றி வேலி போட்டு அதற்குள் விட்டார்கள். அங்கிருந்து 2017-இல் வாரு பல காலமாக இல்லாமல் போயிருந்த ஒரு மலைக்கு, வேலி இல்லாத வெளியில், கொண்டுபோய் விட்டார்கள். இதில் அந்த ஊர் மூத்த பெண்களின் பங்கு பெரிது. எந்தக் குகையில் முன்பு வாரு இருந்தது, எந்தத் தடம் பூனையுடையது, எந்தத் தடம் நரியுடையது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களோடு இளம் ரேஞ்சர்களும் சேர்ந்து புழுக்கைகளை எண்ணியே கூட்டம் வளர்கிறதா தேய்கிறதா என்று கணிக்கிறார்கள். தீ வைப்பதிலும் அதே அறிவுதான். குளிர் காலத்தில் சிறு சிறு திட்டுகளாகக் கொளுத்தினால் புதுத் தளிர் கிடைக்கும், கோடையில் பெரும் தீ பரவாது.

அந்தத் தீயை இப்போது ஒரு புல் மோசமாக்கிக்கொண்டிருக்கிறது, அது நமக்கு மிகப் பழக்கமான புல். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் மாடுகளுக்கு உயிர்நாடியான கொழுக்கட்டைப் புல்தான் அது. மேய்ச்சலுக்கும் புழுதியை அடக்கவும் என்று ஆஸ்திரேலியாவில் விதைத்தார்கள். இங்கே வறட்சியைத் தாங்கும் நல்ல புல், அங்கே மத்திய மலைகளின் அடிவாரமெல்லாம் படர்ந்து, வாலபி தின்னும் சிறு செடிகளை நெருக்கி, காய்ந்ததும் பாறை அத்தி மரம் வரை நெருப்பை ஏற்றிவிடுகிறது.

2020 ஜனவரியில் ஹெலிகாப்டரிலிருந்து கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொட்டிய படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது வறண்ட பகுதி இல்லை, நியூ சவுத் வேல்ஸின் கிழக்கு மலைகளில் உள்ள தூரிகைவால் பாறை வாலபிகளுக்காகச் செய்தது. 2019-20 கோடையில் அங்கே பரவிய பெரும் காட்டுத்தீயில் நிறைய வாலபிகள் பாறை இடுக்குகளுக்குள் பதுங்கித் தப்பிவிட்டன. ஆனால் தீ அணைந்த பிறகு சுற்றிலும் தின்ன ஒரு தழை இல்லை. நான் மேலே சொன்னதன் இன்னொரு வடிவம் இது. பாறையில் உயிரைக் காத்துக்கொள்ளலாம், வயிற்றுக்கு வெளியேதான் போக வேண்டும்.

கடைசியாக, எண்ணிக்கையில் தெரியாத ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மலையும் ஒரு தனித் தீவுதான். முன்பு இளம் வாலபிகள் இரவில் சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போய்ச் சேரும், ரத்தம் கலக்கும். இன்று அந்தப் பயணத்தில் தப்பிப்பது அரிது, ஆகவே ஒவ்வொரு கூட்டமும் தனக்குள்ளேயே இனம்பெருக்கிக்கொள்கிறது. இது எங்கே போய் முடியும் என்பதற்கு மேற்குக் கரையோரத்தில் உள்ள பாரோ தீவைப் பார்க்கலாம். கடல்மட்டம் உயர்ந்து ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டுகளாகத் தனித்துப்போன அந்தத் தீவின் கருங்கால் வாலபிகளில் மரபணு வேறுபாடு ஏறக்குறைய துடைத்தாற்போல் அற்றுப்போயிருக்கிறது. அங்கே நரி வராததால் கூட்டம் பிழைத்திருக்கிறது. நரியும் பூனையும் உள்ள பெருநிலத்தில் அப்படிப் பலவீனப்பட்ட கூட்டம் நிற்காது. அதனால்தான் ஒரு மலையைக் காப்பாற்றினால் போதும் என்று யாரும் நினைப்பதில்லை, மலைகளுக்கு இடையே விலங்குகளைக் கொண்டுபோய் விடும் வேலையும் சேர்ந்தே நடக்கிறது.

நேரில் பார்க்க விரும்பினால், மஞ்சள்கால் இனத்துக்கு ஃப்ளிண்டர்ஸில் பிரகீனா கார்ஜ், குவோர்ன் ஊருக்குப் பக்கத்தில் வாரன் கார்ஜ், வடக்கே ஆர்கரூலா. கருங்கால் இனத்துக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே சிம்ப்சன்ஸ் கேப். குளிர்காலக் காலை வெயிலிலோ எந்தக் காலத்திலும் பொழுது சாயும் நேரத்திலோ போய், ஓரிடத்தில் பேசாமல் உட்கார்ந்து, பாறைத் திட்டுகளை நிதானமாகப் பாருங்கள். சில இடங்களில் மனிதர்களுக்குப் பழகிப்போய்க் கிட்டே வரும். பிஸ்கட், ரொட்டி என்று எதையும் கொடுத்துவிடாதீர்கள், அவற்றின் செரிமானம் நார்ச்சத்துள்ள இலை தழைக்காக அமைந்தது. நாயைக் கூட்டிப் போகவும் வேண்டாம்.